வலைக் கிடங்கு உத்திரம் ஒன்றின் தகைவு ஆய்வு: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு

பின்னணி

மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் நோக்கிச் செல்லும் பாக் விரிகுடாக் கரையில், ஒரு மீனவ ஊரில், கடல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு தளக் கட்டடம் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. 1990களின் நடுவில் உள்ளூர்க் கொத்தனார்களால் கட்டப்பட்டது. வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. கீழ்த்தளம் வலை, கயிறு, எஞ்சின் சாமான்கள் வைக்கும் கிடங்கு. பின்னாளில் அதிலேயே ஐஸ் பெட்டிகளும் கருவாட்டுக் கூடைகளும் இடம்பிடித்தன. மேல்தளம் குடியிருப்பு, அதில் ஓர் அறையில் மட்டும் பழைய வலைகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

இராமேசுவரம் வரும் யாத்ரிகர்களுக்கு வாடகைக்கு விடும் எண்ணத்துடன் உரிமையாளர் இன்னொரு தளம் எழுப்ப நினைத்தார். அதற்காக ஒரு பொறியாளரிடம் கணினி வழி ஆய்வும் செய்து வைத்திருந்தார். கிடங்கின் நடுவே ஓடும் முதன்மை உத்திரத்தில் தகைவு (சுமையால் பொருளுக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் எழும் விசை) அனுமதிக்கப்பட்ட அளவில் பாதியைச் சற்றே தாண்டுகிறது என்றும், கூடுதல் தளத்துக்கு இடமிருக்கிறது என்றும் அந்த அறிக்கை சொன்னது. அதற்குப் பிந்தைய வாடைக் காலத்தில் அதே உத்திரத்தின் ஓரத்தில் பூச்சு உதிர்ந்து பழுப்பு நீர் வழிந்தது. தை மாதத்தில் எங்களை அழைத்தார்கள்.

இந்தக் கரையின் உப்புக்காற்றைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் அரிமான (துரு அரிப்பு) ஆய்வுக் களத்தை மண்டபத்தில் வைத்திருப்பதற்கும், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் கடைசியில் துருவுக்கு இடம்விட்டு 2025 ஏப்ரலில் புதிய பாலத்துக்கு வழிகொடுத்ததற்கும் அடிப்படை ஒன்றுதான். பெரிய பாலத்துக்கு ஆய்வும் வண்ணப்பூச்சும் நடக்கின்றன. ஊருக்குள் நிற்கும் கான்கிரீட் உத்திரத்தை வெடிக்கும்வரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முதல் நோட்டத்தில் கண்டவை

உத்திரம் தூண் மையத்திலிருந்து தூண் மையம்வரை 5.0 மீட்டர் நீளம். அகலம் 230 மி.மீ., தளத்தையும் சேர்த்து மொத்த ஆழம் 450 மி.மீ. அதன்மேல் உள்ள தளம் 120 மி.மீ. தடிமன், இருபுறமிருந்தும் சேர்ந்து 3.2 மீட்டர் அகலத்தின் சுமை உத்திரத்துக்கு வருகிறது. கம்பி காட்டும் கருவியாலும், இரண்டு இடங்களில் பூச்சை எடுத்தும் பார்த்ததில் அடியில் நான்கு 16 மி.மீ. முறுக்குக் கம்பிகள் தெரிந்தன. அவற்றில் உட்பக்க இரண்டும் அக்கால வழக்கப்படி முனைகளில் மேல்நோக்கி வளைத்து, அதாவது கிராங்க் செய்யப்பட்டிருந்தன. மேலே இரண்டு 12 மி.மீ. கம்பிகள். இவற்றைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி 6 மி.மீ. மிருது எஃகு, 200 மி.மீ. இடைவெளியில்.

விரிசல்கள் மூன்று வகையாக இருந்தன, அவற்றை ஒன்றாகப் பார்க்கக் கூடாது. நடுப்பகுதியில் அடியிலிருந்து செங்குத்தாக ஏறிய மயிரிழை விரிசல்கள் 0.1 மி.மீ. அகலமே இருந்தன, வளைவு தாங்கும் எந்தக் கான்கிரீட் உத்திரத்திலும் இவை இயல்பு. இரண்டாவதாக, அடி மூலையை ஒட்டிக் கம்பியின் போக்கிலேயே கிடைமட்டமாக ஓடிய நீண்ட விரிசல். அதன் ஓரம் துருக்கறை படிந்திருந்தது, சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலித்தது. மூன்றாவது, கடலைப் பார்த்த முனையில், தூண் முகத்திலிருந்து ஏறத்தாழ 300 மி.மீ. தள்ளித் தொடங்கி 45 பாகைச் சரிவில் தளத்தை நோக்கி ஏறிய ஒரே ஒரு விரிசல். அதன் அகலம் 0.4 மி.மீ. பார்வைக்கு இரண்டாவதே பயங்கரமாக இருந்தது. எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது மூன்றாவது.

உத்திரத்தின் தொய்வை நூல் கட்டி அளந்தோம்: நடுவில் 9 மி.மீ. நீளத்தை 250ஆல் வகுத்து வரும் பொது வரம்பு 20 மி.மீ. தொய்வை மட்டும் பார்ப்பவர் உத்திரம் நலம் என்றே முடிவு கட்டுவார். வளைவில் தோற்கும் உத்திரம் முதலில் தொய்ந்து, விரிசலை அகலமாக்கி, வீட்டாருக்கு நாள் கொடுக்கும். வெட்டு விசையில், அதாவது உத்திரத்தைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையில், தோற்பது அப்படிப்பட்ட அவகாசம் தராது.

கணக்கு: எந்த முறை, எந்த வெட்டுமுகம்

தளத்தின் எடை, பூச்சு, தரை ஆகியன சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 4.0 கிலோநியூட்டன், குடியிருப்புக்கு இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், பொருள்களின் எடை) 2.0. உத்திரத்தின் சொந்த எடையைச் சேர்த்தால் மீட்டருக்கு 21.1 கிலோநியூட்டன் வருகிறது. இரு முனைகளிலும் தடையின்றித் தாங்கப்பட்ட உத்திரம் என்று கொண்டு, சுமையை நீளத்தின் இருமடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் நடுவில் வளைவுத் திருப்புமை (உத்திரத்தை வளைக்கும் விளைவின் அளவு) 65.9 கிலோநியூட்டன் மீட்டர்.

முதலில் பாடப்புத்தகத்தின் எளிய வளைவுச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தோம். விரிசலில்லாத 230க்கு 450 செவ்வக வெட்டுமுகம் (உத்திரத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகம்) என்று கொண்டால் அடி விளிம்பில் இழுவைத் தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 8.5 நியூட்டன். கொஞ்சம் கான்கிரீட் குடைந்து எடுத்துச் சோதித்ததில் எம் 15க்கு (சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் அழுத்தம் தாங்கும் தரம்) சற்று மேலான வலிமையே கிடைத்தது. அத்தகைய கான்கிரீட் வளைவில் 2.7 அளவிலேயே பிளந்துவிடும். ஆகவே இந்தச் சூத்திரம் தருவது உண்மையான தகைவு அல்ல. உத்திரம் என்றோ விரிசல் விட்டுவிட்டது, இழுவையைக் கம்பி எடுத்துக்கொண்டுவிட்டது என்பதை மட்டுமே அது உறுதி செய்கிறது. இந்தப் படியைத் தேவையற்றது என்று சிலர் விட்டுவிடுவார்கள். நடுவிலுள்ள மயிரிழை விரிசல்களைக் கண்டு உரிமையாளர் பயந்திருந்ததால், அவை எதிர்பார்த்தவையே என்று எண்ணால் காட்ட இது உதவியது.

அடுத்து, விரிசல் விட்ட மாற்று வெட்டுமுக முறை. எஃகின் பரப்பை, அது கான்கிரீட்டைவிட எத்தனை மடங்கு விறைப்பு என்று கணக்குக்குக் கொள்ளும் மட்டு விகிதமான 18.67ஆல் பெருக்கிக் கான்கிரீட்டுக்குச் சமமாக்கி, தளத்தின் 1783 மி.மீ. அகலம் அழுத்தத்தில் பங்கேற்கிறது என்று கொண்டால், நடுநிலை அச்சு (அழுத்தமும் இழுவையும் பிரியும் மட்டம்) மேலிருந்து 75 மி.மீ. ஆழத்தில், தளத்துக்குள்ளேயே அமைகிறது. அடிப்பகுதியில் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) சராசரி 32 மி.மீ. இருந்ததால் செயல் ஆழத்தை, அதாவது மேல் விளிம்பிலிருந்து கம்பி மையம்வரையான ஆழத்தை, 410 என எடுத்தோம். அழுத்த விசைக்கும் இழுவை விசைக்கும் இடையிலுள்ள நெம்புத் தூரம் 385. கம்பி முழுமையாக இருந்தால் அதில் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 213 நியூட்டன். முறுக்குக் கம்பிக்கு அனுமதி 230. அளவாகக் கட்டப்பட்ட உத்திரம்தான் இது, மீதம் அதிகமில்லை.

முந்தைய அறிக்கை இதே கம்பிக்கு 129 என்றது. வேறுபாட்டின் காரணம் கணினி அல்ல. அந்த மாதிரியில் உத்திரமும் தூணும் சேரும் இடங்கள் விறைப்பானவை என்று கொள்ளப்பட்டிருந்தன. அதனால் நடுத் திருப்புமை 40 ஆகக் குறைந்து, மீதி 26 அளவு இரு முனைகளுக்கும் போயிருந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1930இல் வெளியிட்ட திருப்புமைப் பகிர்வு முறையால் கையால் போட்டுப் பார்த்தாலும் அதே எடுகோளுக்கு அதே விடைக்கு அருகில்தான் வருகிறது. நடுவில் குறைந்தது எங்கும் மறைந்துவிடுவதில்லை. முனையில் ஏறுகிறது, முனையில் ஏறியதைத் தூண் தாங்க வேண்டும். இங்கே தூண்கள் 230க்கு 230, நான்கு 12 மி.மீ. கம்பி, அவற்றிலும் துரு. அந்தத் தூண்கள் உத்திரத்தின் முனையைத் திருகவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி நடுவின் தகைவைக் குறைத்துக்கொள்ள எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. நடுத் திருப்புமைக்குத் தடையற்ற தாங்கலையே எடுத்துக்கொண்டோம்.

இந்த வாதத்திலேயே நாள் முழுவதையும் கழித்திருக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. சமச்சீரான சுமை ஏற்ற ஒற்றை உத்திரத்தில் இரு முனைகளும் ஒரேபோல விறைப்பாக இருந்தாலும் தளர்வாக இருந்தாலும் அவற்றின் எதிர்விசை மாறாது. மொத்தச் சுமையில் சரிபாதிதான். வெட்டு விசையைப் பொறுத்தவரை எல்லா முறைகளும் ஒரே எண்ணையே தருகின்றன. அந்த எண்ணைத் தாங்கும் வெட்டுமுகத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டும் எந்த முறையும் சொல்லாது, அதை உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓரத்தில் நடப்பது

தாங்கலுக்கு அருகே வளைவு சிறியது, வெட்டு பெரியது. நடுநிலை அச்சு மட்டத்தில் வளைவுத் தகைவு சுழியம். வெட்டுத் தகைவு மட்டுமே அங்கே நிற்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் 1882இல் தந்த, ஒரு புள்ளியின் தகைவை எல்லாச் சாய்விலும் காட்டும் வட்டத்தை அந்தப் புள்ளிக்கு வரைந்தால், அதே அளவான இழுவை 45 பாகைச் சாய்வில் இருப்பது தெரியும். கான்கிரீட் இழுவைக்கு ஆகாத பொருள் என்பதால் அந்த இழுவைக்குக் குறுக்கே பிளக்கிறது. நடு விரிசல் செங்குத்தாகவும் ஓர விரிசல் சாய்ந்தும் இருப்பதன் காரணம் இதுதான். சாய்ந்து பிளந்த பிறகு விசையைக் கடத்துபவை நான்கு: மேலே பிளக்காமல் எஞ்சிய கான்கிரீட், விரிசலின் இருபுற ஜல்லிகளின் கோர்ப்பு, அடிக் கம்பி ஆணி போலக் குறுக்கே நிற்பது, இவற்றையெல்லாம் தைத்துப் பிடிக்கும் ரிங்.

எண்களுக்கு வருவோம். தூண் முகத்திலிருந்து செயல் ஆழம் தள்ளிய இடத்தில், முழுச் சுமையில் வெட்டு விசை 41.7 கிலோநியூட்டன், 1.5 பாதுகாப்புக் காரணியோடு 62.5. கட்டிய புதிதில் அந்த இடத்தில் அடியில் நேராகச் சென்ற இரண்டு கம்பிகளைக் கணக்கில் கொண்டு, கான்கிரீட்டுக்கான விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 அட்டவணைப்படி கான்கிரீட் தாங்குவது 40.5, ரிங் தாங்குவது 25.2. மொத்தம் 65.7. இங்கும் அளவாகத்தான் கட்டியிருக்கிறார்கள், ஆனால் தாங்கும். கிராங்க் கம்பியின் பங்கை இதில் சேர்க்கவில்லை. வெட்டுக்கான எஃகின் பங்கில் பாதிக்கு மேல் அதற்கு ஒதுக்கக் கூடாது என்பது விதி. மற்றப் பாதி ரிங்காக இருந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் ரிங்கின் இருப்பு முழுப் பொறுப்பாக நிற்கிறது. அதே ரிங்தான் உத்திரத்திலேயே மிக மெல்லிய கம்பி, மேற்பரப்புக்கு மிக அருகிலுள்ள கம்பியும் அதுவே. 1978ஆம் ஆண்டு விதித்தொகுப்பு உத்திரத்துக்குக் கவரை முதன்மைக் கம்பியிலிருந்து 25 மி.மீ. என்று சொன்னது, உப்புச் சூழலுக்குக் கூடுதல் கவர் கேட்டிருந்தாலும், ஊர்க் கட்டடங்களில் அந்த 25தான் வழக்கமாக நின்றது. அதில் ரிங்கின் 6 மி.மீ.யைக் கழித்தால் ரிங்குக்கு 19 மிஞ்சும். இந்த உத்திரத்தின் பக்கவாட்டில் அளந்தபோது 16 மி.மீ.தான் இருந்தது. 2000ஆம் ஆண்டுத் தொகுப்பு ரிங் உட்பட எந்தக் கம்பியிலிருந்தும் அளக்கும்படி மாற்றி, கடற்கரைச் சூழலுக்கு 45 என்றது. 16 மி.மீ. கம்பி சுற்றிலும் 1 மி.மீ. இழந்தால் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போகிறது, 6 மி.மீ. கம்பி அதே 1 மி.மீ. இழந்தால் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

திறந்து பார்த்தபோது

முட்டுக் கொடுத்த பிறகே கவரைத் தட்டி எடுத்தோம் (அந்த முடிவு கீழே வருகிறது). கடல் பக்க முனையில் தூணிலிருந்து எண்ணிய முதல் ஐந்து ரிங்குகளில் இரண்டு அடி மூலையில் முற்றாக அறுந்திருந்தன. மற்றவை பென்சில் முள் அளவுக்கு மெலிந்திருந்தன. அடிக் கம்பிகளில் மூலைக் கம்பிகள் இரண்டும் 14 மி.மீ. ஆகவும் உட்கம்பிகள் 15.2 ஆகவும் குறைந்திருந்தன. நடுப்பகுதியில் ரிங்குகள் துருவேறியிருந்தாலும் தொடர்ச்சியாக இருந்தன.

கம்பியில் துரு நடக்கிறதா என்பதை மின்னழுத்தத்தால் அறிய, செம்பு–செம்பு சல்பேட் மின்முனையால் எடுத்த அரைமின்கல அளவுகள் நடுவில் −310 முதல் −380 மில்லிவோல்ட் வரையும், கடல் பக்க முனையில் −420 முதல் −480 வரையும் இருந்தன. −350ஐ விடக் கீழே போனால் துரு நடப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல் என்பது இந்தச் சோதனையின் வழக்கமான பொருள். உப்பிலுள்ள குளோரைடை ஆழம் ஆழமாகத் துளைத்து எடுத்த பொடியில் சோதிக்கச் சொன்னோம். மேற்பரப்பில் மிக அதிகமாக இருந்தது எதிர்பார்த்ததே. 80 மி.மீ. ஆழத்திலும் ஒரு கனமீட்டருக்கு 0.9 கிலோ இருந்தது. இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு விதித்தொகுப்பின் உச்சவரம்பு 0.6. வெளியிலிருந்து மட்டும் உப்பு நுழைந்திருந்தால் உள்ளே போகப் போக அளவு ஏறத்தாழ இல்லாமல் போயிருக்க வேண்டும். இங்கே அடிமட்டமே உயர்ந்து நின்றதால், கலவைத் தண்ணீரோ மணலோ உப்போடு வந்திருக்கிறது என்று கொண்டோம். வளாகத்துக் கிணறு உவர் கிணறு. கட்டும்போது அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியதாக உரிமையாளரின் தாயார் சொன்னார். குடிக்கவே குடம் சுமந்த ஊரில் கலவைக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

மிஞ்சிய பரப்பை வைத்து மறுபடி கணக்கிட்டோம். நடுவில் கம்பித் தகைவு 254. அனுமதியைப் பத்தில் ஒரு பங்கு தாண்டியிருக்கிறது. சுமையைக் காரணியால் பெருக்கி உச்ச வலிமையோடு ஒப்பிடும் எல்லை நிலை முறையில் பார்த்தால் தேவை 98.9 கிலோநியூட்டன் மீட்டர், தாங்குதிறன் 96.8. இதை மட்டும் கண்டால் அவசரமில்லாத பழுது என்று எழுதிவிடலாம். ஓரத்தில் ரிங்கின் பங்கைச் சுழியமாக வைத்து, மெலிந்த கம்பியோடு கான்கிரீட்டின் பங்கைக் கணக்கிட்டால் கிடைப்பது 36.2 கிலோநியூட்டன், தேவை 62.5. காரணியே சேர்க்காத பயன்பாட்டு வெட்டு விசையான 41.7ஐக்கூட அது எட்டவில்லை. உத்திரம் விழாமல் நின்றதற்குப் பொருள் வலிமையில் விதித்தொகுப்பு ஒதுக்கி வைத்திருக்கும் பாதுகாப்புக் காரணியும், மேலே முழுப் பயன்பாட்டுச் சுமை வராமல் இருந்ததுமே காரணம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் நாளே எடுத்த முடிவு, மேல் அறையிலுள்ள வலைகளை இறக்குவதும் அந்த அறையைப் பூட்டுவதும். ரிங் அறுந்திருப்பது அப்போது தெரியாது. ஆனால் சாய்ந்த விரிசலும் அதே இடத்தில் துருக்கறையும் சேர்ந்திருந்ததால், ரிங் இல்லை என்றே வைத்து முதற்கணக்குப் போட்டோம். கட்டடத்தின் சொந்த எடை மட்டும் இருந்தால் ஓர வெட்டு விசை 29 கிலோநியூட்டன். அது கான்கிரீட் மட்டும் தாங்கும் 40.5க்குள் அடங்குகிறது. பயன்பாட்டுச் சுமை ஏறினால் அடங்காது. வீட்டாருக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டியதே போதுமானதாக இருந்தது. அன்று மாலையே வலைகள் இறங்கின.

முட்டுக் கொடுப்பதில் ஒரு விவாதம் வந்தது. கொத்தனார், "நடுவுல ஒரு ஜாக்கி கொடுத்தாப் போதும் சார், பீம் அசையாது" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நடு முட்டு ஓர வெட்டு விசையையும் குறைக்கத்தான் செய்யும். இரண்டு காரணங்களுக்காக அதை ஏற்கவில்லை. நடுவில் மேற்புறம் இரண்டு 12 மி.மீ. கம்பிகளே இருந்ததால், ஜாக்கியைச் சற்று அதிகம் திருகினாலும் உத்திரம் மேல்நோக்கி வளைந்து தளத்தில் பிளக்கும். அதைவிட முக்கியமாக, சாய்ந்த விரிசல் திறந்துகொண்டால் தூண் பக்கத்தில் துண்டாகும் இடத்தை நடு முட்டு பிடிக்காது. எனவே இரு முனைகளிலும் தூணிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி, விரிசலின் மேல் முனைக்கு அப்பால், ஜோடி எஃகு ஜாக்கிகளை நிறுத்தினோம். தரை மணல் என்பதால் அடியில் பலகை பரப்பினோம். உத்திரத்தைத் தூக்கக் கூடாது, நூலில் 1 மி.மீ. ஏறியதும் நிறுத்த வேண்டும் என்பது கட்டளை. சவுக்குக் கட்டை வேண்டாம் என்றோம். மாதக்கணக்கில் நிற்க வேண்டிய முட்டு அது.

பழுது நீக்கும் வழிகளில் ஒட்டுப்பூச்சை முதலிலேயே ஒதுக்கினோம். உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் உப்பில்லாத புதிய ஒட்டை வைத்தால், ஒட்டின் ஓரத்திலுள்ள கம்பி புதிதாக அரிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாடைக்குள் ஒட்டைச் சுற்றி வெடிக்கும். அடியில் இரும்புக் கர்டர் கொடுப்பது விரைவான வழி. ஆனால் ஐஸ் பெட்டிகளும் கடற்காற்றும் உள்ள கிடங்கில் அதை ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூச யாரும் உறுதி கூறவில்லை. இழைப்பட்டைகள் ஒட்டுவது உப்பை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். உத்திரத்தை இடித்து வார்ப்பதென்றால் தளம் முழுவதையும் தாங்கவேண்டியிருந்தது, வீட்டார் வெளியேறவும் வேண்டும்.

கடைசியில், மூன்று பக்கமும் கான்கிரீட் உறை போடுவதென்றும், அந்த உறையே முழுச் சுமையையும் தாங்கும்படி வடிவமைப்பதென்றும், பழைய கம்பிகளைக் கணக்கில் சுழியமாக வைப்பதென்றும் முடிவெடுத்தோம். பழைய கான்கிரீட்டில் உப்பு கலந்தே இருப்பதால் பழைய கம்பி தொடர்ந்து துருப்பிடிக்கும். அதை நம்பிப் பங்கு பிரித்தால் அந்தப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு தேயும். பக்கங்களில் 100 மி.மீ., அடியில் 100 மி.மீ. சேர்த்து 430க்கு 550 என்ற அளவாயிற்று. சொந்த எடை கூடியதால் சுமை மீட்டருக்கு 23.8 கிலோநியூட்டன் ஆகி, நடுத் திருப்புமை 74.4 ஆனது. நான்கு 16 மி.மீ. கம்பிகள், தளத்தில் துளையிட்டு மேலே சுற்றி மூடிய 8 மி.மீ. ரிங்குகள் 150 மி.மீ. இடைவெளியில், கவர் 50 மி.மீ., ரிங்கின் வெளிமுகத்திலிருந்து. ரிங்குகள் மட்டுமே 116 கிலோநியூட்டன் வெட்டு விசை தாங்கும், தேவை 68. புதிய கம்பிகள் ஊன்றி நிற்பதற்காகத் தூண்கள் இரண்டும் அடித்தளத்திலிருந்து உறையிடப்பட்டன.

இன்னொரு தளம் எழுப்பும் எண்ணத்தைக் கைவிடும்படி எழுத்தில் சொன்னோம். உரிமையாளருக்கு அது கசப்பாக இருந்தது. முந்தைய அறிக்கைக்குப் பணம் கொடுத்தவர் அவர்.

வேலையும் அதன் பின்னும்

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் வலைகள் கிடங்கில் இருக்கும், பழுதுபார்ப்பும் அங்கேயே நடக்கும். தடை முடிந்து படகுகள் இறங்கி, கிடங்கு காலியான பிறகே வேலை தொடங்கியது. அதுவரை முட்டுகள் நின்றன. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் இந்தப் பக்கம் மழை இல்லாதது கான்கிரீட் வேலைக்குச் சாதகம், ஆனால் அந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் சாக்கு போர்த்தி நனைத்தோம். கலவைக்கும் நனைப்புக்கும் லாரித் தண்ணீர் மட்டுமே. அதையும் லாரிக்கு லாரி சோதித்தோம், குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் இறக்கவிட்டோம். திருப்பி அனுப்பிய லாரிகளும் உண்டு. எம் 35 கலவை, ஸ்லாக் சிமென்ட், 12 மி.மீ.க்கு மேற்படாத ஜல்லி.

கான்கிரீட் முதிர்ந்த பின் ஐ.எஸ். 456 சொல்லும்படி பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை மேல் தளத்தில் ஏற்றினோம். 16 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 டன். 50 கிலோ மணல் மூட்டைகள். 24 மணி நேரம் கழித்து நடுவில் கூடிய தொய்வு 0.9 மி.மீ. மீட்டரில் எடுத்த நீளத்தின் இருமடியை 40ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் எடுத்த ஆழத்தால் வகுத்து வரும் வரம்பு இங்கே 1.8 மி.மீ. தொய்வு அதற்குள் அடங்கினால் மீட்சியை அளக்க வேண்டிய கட்டாயமில்லை. இருந்தும் அளந்தோம், பெரும்பகுதி மீண்டது.

அடுத்த வாடைக் காலம் முடிந்து பார்த்தபோது உறையில் சாய்ந்த விரிசலோ, கம்பியின் போக்கில் விரிசலோ இல்லை; தளத் துளைகளை அடைத்த இடங்களில் சுருக்க விரிசல்கள் சில மட்டும் இருந்தன. அவற்றை அடைத்தோம். கருவாடும் ஐஸ் பெட்டிகளும் முற்றத்துக் கொட்டகைக்கு மாறின. உருகிய உப்புநீர் கிடங்குத் தரையில் தேங்கி நின்றதும், அதன் ஈரம் மேலேறியதும் அதோடு நின்றன.

இனி மாற்றிச் செய்யப்போவது

இத்தகைய கட்டடத்தில் சோதனைகளின் வரிசையை மாற்றுவோம். கான்கிரீட்டைக் குடைந்து எடுத்து வலிமை பார்ப்பதற்கும் கணினி மாதிரி கட்டுவதற்கும் முன்பாக, முட்டுக் கொடுத்து, கடல் பக்க முனையில் தூணை ஒட்டி ஒரு கைப்பிடி அகலத்துக்குக் கவரை எடுத்து ரிங்கைப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டின் வலிமை 15ஆ 19ஆ என்பது இந்த உத்திரத்தின் விடையைப் பெரிதாக மாற்றவில்லை. ரிங் இருக்கிறதா இல்லையா என்பதே மாற்றியது.

அறிக்கை எழுதும் விதத்திலும் ஒரு மாற்றம் தேவை. எந்த முறையில் கணக்கிட்டாலும், வெட்டுமுக அளவு வரைபடத்திலிருந்து எடுத்ததா, அளந்து எடுத்ததா என்பதைத் தகைவு எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். "129, அனுமதி 230" என்ற வரியைப் படிப்பவர் அதன் பின்னால் துருவே இல்லாத ஒரு கம்பி கற்பனையாக நிற்பதை உணர வழியில்லை. முனைகளை விறைப்பாகக் கொண்டால், அந்தத் திருப்புமையைத் தூண் தாங்குகிறதா என்ற கணக்கும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதே கிடங்கின் பக்கவாட்டு உத்திரங்கள் இரண்டில் அரைமின்கல அளவுகள் −200க்கும் −350க்கும் இடையே, தீர்மானமாக எதையும் சொல்ல முடியாத பகுதியில் உள்ளன. ஒவ்வொரு வாடைக்குப் பின்பும் அவற்றின் முனைகளில் அளவெடுக்கவும், −350ஐத் தாண்டினால் உடனே முட்டுக் கொடுத்துத் திறக்கவும் உரிமையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். முட்டுக்கான எஃகு ஜாக்கிகளை அவர் திருப்பித் தரவில்லை. விலை கொடுத்து வாங்கிக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டார்.